மாசும் ஏற்றத்தாழ்வும்: யார் எங்கே குடியிருப்பது என்பதை எது முடிவு செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்துக் காற்றையும் வீட்டு வாடகையையும் சேர்த்து எங்கே பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவைப்பது சுலபம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. புகையும் நாற்றமும் உள்ள இடம் என்று தெரிந்தும் ஏன் அங்கே போய்க் குடியிருக்கிறார்கள்?

காற்றை மட்டும் தனியாக யாரும் விற்பதில்லை. வாடகை, வேலைக்குப் போகும் தூரம், பிள்ளைகளின் பள்ளி, தண்ணீர், பக்கத்தில் சொந்தக்காரர்கள், இரவில் பயமில்லாமல் நடந்து வர ஒரு தெரு என்று எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் வரும். காசு இருப்பவர் இதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இல்லாதவர் எதையாவது விட்டே ஆக வேண்டும். வாடகை கொடுக்காவிட்டால் இந்த மாதமே தெருவுக்கு வர வேண்டியிருக்கும். வேலைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் இந்த வாரமே வேலை போகும். கெட்ட காற்றுக்கான கணக்கோ பத்து, இருபது வருடம் கழித்துத்தான் வரும். அதனால் முதலில் கைவிடப்படுவது காற்றுதான்.

"அவர்களாகத்தானே போனார்கள்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு அவர்கள் கைக்கு எட்டும் நிலையில் வேறு எத்தனை வீடுகள் இருந்தன? எந்த வீட்டை எடுத்தார் என்பதைவிட, எந்தெந்த வீடுகள் அவருக்குக் கிடைக்காமலே போயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

2. எவ்வளவு தூரம் தள்ளிப் போனால் தப்பிக்கலாம்?

எந்த மாசு என்பதைப் பொறுத்தது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போகும். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறியது என்று புரியும். இந்தத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதற்கு முன் 10 ஆக இருந்தது. உலக மக்களில் கிட்டத்தட்ட எல்லோருமே இந்த வரம்பைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆனால் எல்லா மாசும் ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பெரிய சாலையின் வாகனப் புகை சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். அமெரிக்காவில் நச்சு வாயு வெளியிடும் சுமார் 1,600 ஆலைகள் திறந்ததையும் மூடியதையும் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. அந்த நச்சின் அளவு கூடுவது சுமார் 1.6 கிலோமீட்டர் வரைதான் தெரிந்தது. ஆலை திறந்ததும் 800 மீட்டருக்குள் இருந்த வீடுகளின் விலை 11 சதவீதம் விழுந்தது. எந்தத் தெருவில் வீடு என்பது இந்த இரண்டாவது வகை மாசில்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

சுங்கச்சாவடி உதாரணத்தை நான் அடிக்கடி சொல்வேன். அமெரிக்காவில் வண்டிகள் நின்று காசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டே கட்டணம் செலுத்தும் மின்னணு முறையைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நெரிசலைக் குறைப்பது. ஆனால் சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடையே குறைப்பிரசவம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. வரிசையில் நின்று உறுமிய வண்டிகளின் புகை குறைந்ததற்கே இவ்வளவு பலன்.

3. ஏழைகள் இருக்கும் இடத்துக்கு ஆலை வருகிறதா, இல்லை ஆலை இருக்கும் இடத்துக்கு ஏழைகள் வருகிறார்களா?

இரண்டும் நடக்கிறது. ஆலைக்காரர் மலிவான நிலத்தைத் தேடுவார். மலிவான நிலத்தில்தான் காசில்லாதவரும் இருப்பார். இதோடு எதிர்ப்பு எங்கே குறைவாக இருக்கும் என்ற கணக்கும் சேரும். 1984இல் கலிபோர்னியா மாநிலக் கழிவு மேலாண்மை வாரியத்துக்கு ஓர் ஆலோசனை நிறுவனம் எழுதிக்கொடுத்த அறிக்கை இதை ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைத்தது. குப்பையை எரிக்கும் ஆலைகளை எங்கே வைத்தால் ஜனங்கள் குறைவாக எதிர்ப்பார்கள் என்று ஆராய்ந்து, வருமானமும் படிப்பும் குறைந்த பகுதிகளைச் சுட்டிக்காட்டியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் பிசிபி என்ற நச்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்கத் தொடங்கினார்கள். அது கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஏழைப் பகுதி. லாரிகளை மறித்து 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1983இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு தென்கிழக்கில் எட்டு மாநிலங்களை ஆராய்ந்தது. அங்கிருந்த நான்கு பெரிய நச்சுக்கழிவுக் கிடங்குகளில் மூன்றைச் சுற்றிப் பெரும்பான்மையாக இருந்தவர்கள் கறுப்பின மக்கள்.

எதிர்த்திசையிலும் ஆதாரம் உண்டு. 1990களின் கலிபோர்னியாவை ஆராய்ந்தவர்கள், நச்சு கூடிய பகுதிகளிலிருந்து ஆட்கள் வெளியேறினார்கள், குறைந்த பகுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று கண்டார்கள். வெளியேற முடிந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். பிடிக்காத ஊரை விட்டுப் பிடித்த ஊருக்குப் போவதன் மூலம் மக்கள் காலாலேயே வாக்களிக்கிறார்கள் என்ற கருத்தைப் பொருளாதார அறிஞர் சார்லஸ் டிபோ 1956இல் முன்வைத்தார். அது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் வாக்கு இல்லை.

போபாலில் இரண்டும் சேர்ந்தே நடந்தது. பூச்சிக்கொல்லி ஆலை வந்த பிறகு சுற்றிலும் குடிசைகள் பெருகின. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டி மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தபோது, ஆலை மதிலுக்கு எதிரே சாலையைத் தாண்டினாலே வீடுகள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஓட்டையும் இடுக்குமாக இருந்த ஒற்றை அறைகளில் தரையில் படுத்துத் தூங்கியவர்களை அது நேராகப் போய்ச் சேர்ந்தது. அரசுக் கணக்கிலேயே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்கள் ஆலைக்கு முன்பே அங்கே இருந்தார்களா, பின்னால் வந்தார்களா என்பதில் பழியைப் பிரித்துக் கொடுப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வழியிலும் ஆலையையும் குடிசையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது நிலத்தின் விலைதான்.

4. பெரிய தொழில் நகரங்களில் கிழக்குப் பக்கம் ஏழைகள், மேற்குப் பக்கம் பணக்காரர்கள் என்று சொல்கிறார்களே, கதைதானே?

கதை இல்லை, ஆனால் எல்லா நகரத்துக்கும் பொருந்தும் விதியும் இல்லை. இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரி எரித்த ஆலைகளின் புகை அதனால் கிழக்கே போய் இறங்கியது. லண்டனின் கிழக்குப் பகுதியின் பெயர் வறுமைக்கே மறுபெயராகிப் போனது.

இதை வெறும் பேச்சாக விடாமல் சிலர் அளந்தே பார்த்தார்கள். பழைய வரைபடங்களில் குறித்திருந்த சுமார் 5,000 தொழிற்சாலைச் சிம்னிகளின் இடங்களை எடுத்து, காற்று வீசும் விதத்தைக் கணினியில் கொடுத்து, ஒவ்வொரு சிம்னியின் புகையும் எந்தத் தெருவில் இறங்கியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதை 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு பொருத்தினார்கள். ஒரே நகரத்துக்குள் பகுதிக்குப் பகுதி இருந்த வறுமை வித்தியாசத்தில் 15 சதவீதம் வரை அந்தப் புகையால் விளக்க முடிந்தது. மீதிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அதை மறக்க வேண்டாம். ஆனாலும் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத காற்றின் திசை ஒன்று இவ்வளவு செய்திருக்கிறது என்றால் அது பெரிய விஷயம்தான்.

எல்லோரும் ஒரே புகையைத்தானே பார்த்தார்கள், ஏன் தொழிலாளி மட்டும் அங்கேயே இருந்தார் என்று கேட்கலாம். அவர் ஆலைக்கு நடந்தே போக வேண்டியிருந்தது. குமாஸ்தாவும் முதலாளியும் வண்டியிலோ ரயிலிலோ வரலாம். நடக்கும் தூரத்துக்குள் எந்த வீடு மலிவோ, அதுதான் அவர் வீடு.

5. ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆச்சு, புகையும் இல்லை. அப்புறமும் ஏன் அந்தப் பகுதி அப்படியே கிடக்கிறது?

மேலே சொன்ன ஆய்வின் சுவாரஸ்யமான பகுதியே இதுதான். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1956இலும் 1968இலும் தூய காற்றுச் சட்டங்கள் வந்தன. பழைய ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஆனால் 1881இல் புகை இறங்கிய பகுதிகள் பலவற்றில் வறுமை இன்னும் இருக்கிறது.

காரணம் இது. முதலில் ஆட்களைப் பிரித்தது புகை. பிரிந்த பிறகு அந்தப் பிரிவே ஒரு காரணமாகிவிடுகிறது. வசதியுள்ளவர்கள் போன இடத்தில் நல்ல பள்ளி, பூங்கா, ஒழுங்கான கட்டடம் எல்லாம் சேரும். மற்ற இடத்தில் நெருக்கமான சிறு வீடுகளும் குறைந்த வரி வருமானமும்தான் மிஞ்சும். நாளைக்கு வீடு தேடுகிறவர் காற்றைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டில் யார், பள்ளி எப்படி என்றுதான் பார்க்கிறார். அக்கம்பக்கத்தார் யார் என்பதில் ஆளுக்கு ஒரு சிறு விருப்பம் இருந்தாலே போதும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் தெருவே முழுசாக மாறிவிடும் என்று பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கட்டத்தைத் தாண்டிய இடத்தில் புகையை நிறுத்துவது மட்டும் ஆட்களைத் திரும்பக் கொண்டுவராது.

அமெரிக்காவில் 1981க்கும் 2016க்கும் இடையே நுண்துகள் அளவு நாடு முழுக்கப் பெரிய அளவில் குறைந்தது. ஆனால் 1981இல் எந்தப் பகுதிகள் அதிக மாசோடு இருந்தனவோ, கிட்டத்தட்ட அவையே 2016இலும் பட்டியலின் மேலே இருந்தன. எல்லோருக்கும் குறைந்தது, வரிசை மட்டும் மாறவில்லை.

6. சுத்தமான காற்றுக்கு விலை என்று ஒன்று இருக்கிறதா? எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

நேரடியாகச் சந்தை இல்லாததால் வீட்டு விலையிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள். ஒரே அளவு, ஒரே வயது, ஒரே வசதி உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று மட்டும் புகை அதிகமுள்ள பக்கம் இருந்து மலிவாகவும் இருந்தால், அந்த வித்தியாசம் காற்றின் விலை என்று எடுத்துக்கொள்வது. 1967லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு இப்படிச் செய்து பார்த்தார்கள்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. ஜனங்கள் செலவில்லாமல் இடம் மாறுவார்கள் என்று இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. உண்மையில் இடம் மாறினால் வேலை, உறவு, பிள்ளையின் படிப்பு எல்லாம் கலையும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்து 2009இல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்கர்கள் தூய காற்றுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த மதிப்பு பழைய முறையில் வந்ததைப் போல மூன்று மடங்காக இருந்தது. குடும்பப் பதிவு முறையால் ஊர் விட்டு ஊர் போவது கடினமாக இருக்கும் சீனாவிலும், பழைய முறை காற்றின் மதிப்பைக் குறைத்தே காட்டுகிறது என்று தெரிந்தது. ஒருவர் நகராமல் இருப்பதைப் பார்த்து அவருக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதிவிடுவது தவறு.

7. என்ன இருந்தாலும், ஏழைகள் நல்ல காற்றுக்குக் கூடுதல் வாடகை தர மறுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியை நன்றாகப் படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்க விருப்பம் வேறு, கொடுக்க வக்கு வேறு. வருமானத்தில் பாதி வாடகைக்கே போகும் வீட்டில் இன்னும் கொஞ்சம் கூட்டு என்றால் அது மருந்திலிருந்தோ பிள்ளையின் கட்டணத்திலிருந்தோதான் வர வேண்டும். அதே தொகை வசதியுள்ளவருக்குக் கணக்கிலேயே தெரியாது. இரண்டு பேருக்கும் மூச்சு ஒன்றுதான். சந்தை அளப்பது மூச்சையும் காசையும் சேர்த்து. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு "ஏழைகளுக்குக் காற்று மலிவு, அதனால் மாசை அங்கே வைப்பதே சிக்கனம்" என்று வாதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும் வாதமாகத்தான் தெரிகிறது. ஏழையாக இருப்பதால் மாசு, மாசு இருப்பதால் மலிவு, மலிவாக இருப்பதால் இன்னும் மாசு.

8. குடிபோகும்போது பார்த்துவிட்டுத்தானே போகிறார்கள்? தெரியாமலா போவார்கள்?

வீடு பார்க்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். விடுமுறை நாள், பகல் பதினோரு மணி. ஆலை ஓடாது, லாரியும் குறைவு. வெயில் ஏறினால் தரைக்காற்று சூடாகி மேலே எழும்பும், புகையும் கூடவே கலைந்துவிடும். சுவரில் புது வெள்ளை. ஜன்னல் சட்டத்தின் அடிப்பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்த்தால்தான் கறுப்புப் பிசுக்கு ஒட்டும், அதை யார் செய்கிறார்கள்? அதே வீட்டில் இரவு பத்து மணிக்கு நின்றால் நிலைமை வேறு. தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயுமாக நின்றுவிடும். புகைக்கு மேலே போக வழியில்லை, வீட்டுக்குள் வரும். குடிவந்த பிறகு முதல் குளிர்காலத்தில்தான் இது தெரியவரும். அதற்குள் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

நாற்றமும் இரைச்சலும் உள்ள இடத்துக்கு வாடகை குறைவு. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத மாசும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். கிடைத்த வாடகைக் குறைப்பு தெரிந்த தொல்லைக்கு மட்டும், தெரியாததற்கு இழப்பீடு எதுவும் கிடையாது. தெரியப்படுத்தினால் மாற்றம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம்: போபாலுக்குப் பிறகு 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்து, எந்த ஆலை எந்த நச்சை எவ்வளவு வெளியிடுகிறது என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கச் செய்தது. 3ஆம் கேள்வியில் வந்த கலிபோர்னியா ஆய்வே அந்தத் தகவலை வைத்துத்தான் நடந்தது.

9. காசு இருந்தால் யாரும் தப்பிக்கலாம். இதில் நிறம், சாதி எல்லாம் எங்கே வருகிறது?

காசு இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இணையத்தில் வாடகை விளம்பரங்களுக்குக் கற்பனைப் பெயர்களில் விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். மாசு குறைந்த இடங்களில் உள்ள வீடுகளுக்கு, வெள்ளையர் பெயரில் கேட்டவரைவிடக் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் பெயரில் கேட்டவர்களுக்குப் பதில் வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவு. மாசு அதிகமுள்ள இடங்களில் அந்தப் பாகுபாட்டுக்கான தடயமே கிடைக்கவில்லை. அங்கே போவதற்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது. வேறு நாடுகளில் பெயருக்குப் பின்னால் மதமோ சாதியோ இருக்கலாம், கதவு மூடும் விதம் ஒன்றுதான்.

அரசே கோடு போட்டதும் உண்டு. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் தர வரைபடம் போட்டது. கறுப்பினத்தவரும் குடியேறிகளும் வசித்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். அந்தக் குறிப்புகளிலேயே ஆலைப் புகையும் நாற்றமும் குறையாக எழுதப்பட்டிருந்தன. கடன் இல்லாததால் நில விலை ஏறவில்லை, பின்னால் நெடுஞ்சாலைகளை அந்தப் பகுதிகள் வழியாகக் கொண்டுபோவது சுலபமாயிற்று. 202 நகரங்களை 2022இல் பார்த்தபோது, சிவப்பு அடித்த பகுதிகளில் வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னும் கூடுதலாகவே இருந்தது.

10. இப்போது ஊர் முழுக்கவே காற்று மோசம். அப்போ பணக்காரரும் ஏழையும் சமம்தானே?

பாதி சரி. டெல்லியில் வீடுகளுக்குள் கருவி வைத்து அளந்த ஓர் ஆய்வில், வசதியுள்ள வீடுகளில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி இருக்கும் வாய்ப்பு ஏழை வீடுகளைவிட 13 மடங்கு அதிகம். ஆனால் உள்ளே இருந்த நுண்துகள் அளவு சுமார் 10 சதவீதம்தான் குறைவு. ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால் கருவி என்ன செய்யும்? காசு கொடுத்துத் தப்பிக்கலாம் என்ற நினைப்புக்கே இது ஓர் அடி.

ஆனால் சமம் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் நின்று வேலை செய்பவரும் கதவு மூடிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. மோசமான வாரத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியூர் போக முடிகிறவர் ஒருவர், ஒரு நாள் கூலி போனாலும் தாங்காதவர் இன்னொருவர்.

11. புகையை உண்டாக்குகிறவர்களும் அதே ஜனங்கள்தானே? பொறுப்பு எல்லோருக்கும்தானே?

2019இல் அமெரிக்காவில் இதையே கணக்குப் போட்டார்கள்: ஒவ்வொரு பிரிவினரும் வாங்கும் பொருளாலும் சேவையாலும் எவ்வளவு நுண்துகள் உண்டாகிறது, அவர்கள் எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்று. வெள்ளையர் தாங்கள் உண்டாக்குவதைவிட 17 சதவீதம் குறைவாகச் சுவாசிக்கிறார்கள். கறுப்பினத்தவர் 56 சதவீதமும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 63 சதவீதமும் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள். பொருள் ஒரு வீட்டுக்குப் போகிறது, அதைச் செய்த புகை இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

12. ஆலையை மூடினால் அங்கே வேலை பார்க்கும் ஏழைக்குத்தானே நட்டம்?

இந்தப் பயம் நியாயமானது, யாரும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் குடியிருப்பவரும் உள்ளே வேலை பார்ப்பவரும் ஒரே ஆட்கள்தான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கத் தொழிற்சாலைகளை 2018இல் ஆராய்ந்தபோது, சிறுபான்மை இனத்தவர் தாங்கும் மாசு அபாயத்தின் பங்கு, அவர்களுக்குக் கிடைத்த வேலைகளின் பங்கைவிட அதிகமாக இருந்தது. நல்ல சம்பள வேலைகளில் இடைவெளி இன்னும் பெரிது. அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் அதிக வேலை தருகின்றன என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. மூடுவதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவே வடிகட்டி போடுவது, எரிபொருளை மாற்றுவது என்று நிறைய வழி இருக்கிறது. அதைப் பேசாமல் "வேலையா, காற்றா" என்று கேட்பது ஆலைக்காரருக்கு வசதி.

13. அந்தப் பகுதியைச் சுத்தம் செய்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. காற்று நன்றாகிறது, பூங்கா வருகிறது, வீட்டு விலை ஏறுகிறது. சொந்த வீடு வைத்திருப்பவருக்கு லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடும். அமெரிக்காவில் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திய பிறகு நடந்ததைப் பார்த்த ஒருவர், வாடகை உயர்வு வீட்டு விலை உயர்வில் பாதி அளவு இருந்தது என்று கண்டார். அதாவது வாடகைக்காரருக்கும் கொஞ்சம் பலன் மிஞ்சுகிறது, ஆனால் ஒரு பங்கை அவரே காசாகத் திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் கூடுதலைக் கொடுக்க முடியாதவர் இன்னொரு மலிவான இடத்துக்குப் போவார். அது ஏன் மலிவு என்று 1ஆம் பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

14. அப்போ சுத்தம் செய்யாமலே விட்டுவிடலாம் என்கிறீர்களா?

இல்லை! கருவில் இருக்கும்போதும் பிறந்த முதல் வருடத்திலும் சுவாசித்த காற்று 30 வயதில் வாங்கும் சம்பளம் வரை தொடர்கிறது என்று 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தை வைத்து அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வாடகை வீட்டில் பிறந்தாலும் நுரையீரல் ஒன்றுதான். சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் வேலை தொடங்கும் முன்பே வாடகை உயர்வுக்கு வரம்பு, பட்டா இல்லாதவர்களுக்கு உரிமைப் பத்திரம், விற்பனைக்கு வராத பொது வாடகை வீடுகள் ஆகியவற்றை ஏற்பாடு செய்ய வேண்டும். விலை ஏறிய பிறகு செய்தால் அரசுக்கும் நிலம் வாங்கக் கட்டுப்படியாகாது.

15. எல்லோரையும் வேறு நல்ல இடத்துக்கு மாற்றிவிட்டால்?

எங்கே, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் வாடகைக்குப் போக உதவித்தொகை தந்தார்கள். 13 வயதுக்கு முன்பு இடம் மாறிய பிள்ளைகளின் வருமானம் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்கு மேல் வயதான பிள்ளைகளுக்குப் பலன் இல்லை, பழைய நட்பும் பள்ளியும் அறுந்ததால் கொஞ்சம் பின்னடைவுகூடத் தெரிந்தது. இது காற்றை மட்டும் சோதித்த முயற்சி இல்லை, சுற்றுப்புறம் முழுவதையும் சோதித்தது.

அந்தக் குடும்பங்கள் தாங்களே வீடு தேடிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே, வேலையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் அடுக்குமாடியில் இறக்கிவிடுவதை இதோடு சேர்த்துப் பேச வேண்டாம். அப்படிப் போனவர்களில் பலர் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குடிசை போடுவதற்குக் காரணம் நன்றிகெட்டதனம் இல்லை, நடக்கும் தூரத்தில் வேலை. 4ஆம் பதிலில் வந்த தொழிலாளியின் கணக்குதான்.

16. நான் வாடகை வீடு தேடுகிறேன். பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முடிந்தால் வேலைநாளில். ஜன்னல் பள்ளத்தையும் மாடியில் காயும் துணியையும் பாருங்கள். வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வாடகைக்காரரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேட்டால் உண்மை சுலபமாக வரும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் வீசுகிறது என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். பெரிய சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளியிருந்தாலே வித்தியாசம் உண்டு. அதற்கும் வழியில்லையென்றால் படுக்கும் அறையாவது சாலையைப் பார்க்காத பக்கம் இருக்கட்டும்.

ஏற்கெனவே அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் புகை, நாற்றம் வரும் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து குறித்தால் இன்னும் நல்லது. "எப்போதும் நாறுகிறது" என்ற புகார் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நகராது. எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று ஐந்து வீடுகள் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால், எந்த நேரத்தில் வந்து அளக்க வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.